குடைத்துணிப் பை

பைக் கடைக்கு வருகிறவர்கள் முதலில் நிறத்தைப் பார்ப்பார்கள். பிறகு ஜிப்பை இழுத்துப் பார்ப்பார்கள். கடைசியில் விலையைக் கேட்டுவிட்டு, போனில் இதைவிடக் கம்மியாக வருகிறது என்பார்கள். கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் நானும் என் வீட்டுக்காரரும் கடை போட்ட நாளிலிருந்து இதில் புதிதாகச் சேர்ந்தது அந்தப் போன் ஒன்றுதான். பால்வாடி டீச்சர் மட்டும் வேறு மாதிரி. நிறத்தைப் பார்க்க மாட்டார். ஜிப்பைத் தொட மாட்டார். பையின் காதைச் சுண்டு விரலில் மாட்டித் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். பிறகு, "கனம்மா" என்று சொல்லிவிட்டு இறக்கி வைப்பார்.

எங்கள் கடைக்குப் பின்தெருவில் இருந்த அங்கன்வாடியில் அவர் டீச்சர். அவருக்கென்று ஒரு பெயர் உண்டு. தெருவில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் வீட்டுக்காரரே "இந்தா" என்றுதான் கூப்பிடுவார். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. ஒல்லியான உடம்பு. இடது தோள் வலது தோளைவிடத் தாழ்ந்திருக்கும். தெருமுனையில் திரும்பும்போதே அந்தத் தோளை வைத்து அவர்தான் என்று தெரிந்துவிடும்.

முதல் தடவை வந்தபோது கடையில் இருந்த முதுகுப் பைகள் அத்தனையையும் இறக்கிக் காட்டினேன். எல்லாமே கனம் என்றார். நல்ல வெயில் காலம். நின்று நின்று என் குதிகால் வலித்தது.

"காலிப் பைங்க டீச்சர். இதுல இன்னா கனம் இருக்கப் போவுது?" என்றேன்.

"அதைத்தாம்மா நானும் கேக்கறேன். காலிப் பைக்கு எதுக்கு இவ்ளோ கனம்?"

ஒன்றும் வாங்காமல் போய்விட்டார். மறுபடி வந்தபோது கையில் ஒரு தராசு இருந்தது. பால்வாடியில் கைக்குழந்தைகளைத் துணியில் உட்காரவைத்துத் தொங்கவிட்டு எடை பார்ப்பார்களே, வட்ட முகமும் முள்ளும் வைத்தது, அது. புதுசு வந்துவிட்டதால் பழசை மூலையில் போட்டிருந்தார்களாம். அதை எங்கள் ஷட்டர் கொக்கியில் மாட்டி, ஒவ்வொரு பையாகத் தொங்கவிட்டு முள்ளைப் பார்த்தார். ரோட்டில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் என் காதருகில் வந்து, "அந்தம்மா வாங்குமா, இல்ல தடுப்பூசி போட்டுட்டுப் போவுமா?" என்று கேட்டார்.

அந்தத் தோளுக்குக் காரணம் ஒரு கறுப்பு ரெக்சின் கைப்பை. ஒருநாள் அதன் வார் அறுந்துபோய்த் தைக்கக் கொண்டுவந்தார். மிஷினில் வைக்க வேண்டுமென்றால் உள்ளே இருப்பதை எடுக்க வேண்டும். மேசையில் கொட்டினார். வீட்டுக்காரரின் சர்க்கரை மாத்திரை, சர்க்கரை பார்க்கிற மிஷின், அவருடைய படிக்கிற கண்ணாடி, மப்ளர், மாற்றுச் சட்டை, அவர் வழியில் கேட்டால் கொடுக்க பிஸ்கட் பாக்கெட், தண்ணீர் பாட்டில். ஓசூரில் இருக்கும் மகனுடைய வண்டியின் மாற்றுச் சாவி. யாரோ ஒரு தாய் மறந்துவிட்டுப் போன குழந்தைத் தொப்பி. கோயில் திருநீறு பொட்டலம் நாலைந்து. இதில் உங்களுடையது எது டீச்சர் என்று சும்மாதான் கேட்டேன். அவர் குவியலில் விரலை விட்டுத் தேடி ஒரு சீப்பை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, அதுவும் மகன் போன தடவை வந்தபோது விட்டுவிட்டுப் போனது என்று சொல்லித் திரும்பக் குவியலில் போட்டார்.

அன்றைக்குப் பிறகுதான் அந்தக் கேள்வி அவர் வாயில் வந்து உட்கார்ந்தது. எதைக் காட்டினாலும், "இது யாருக்கு?" என்பார். பக்கவாட்டில் பாட்டில் வைக்கிற வலை. இது யாருக்கு? முன்பக்கம் ஒரு குட்டிப் பை. இது யாருக்கு? வேண்டியவர்கள் வைத்துக்கொள்வார்கள் என்பேன். "எனக்கு வேணாம். அறுத்துடும்மா" என்பார்.

எதற்கு இந்தப் பை என்று அவராகச் சொல்லவில்லை. ஒருநாள் மழை பிடித்துக்கொண்டு கடையிலேயே நிற்க வேண்டி வந்தபோதுதான் சொன்னார். அவர் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போடப் போனால் மேற்கே கல்வராயன் மலை தெரியும். மழை விட்ட காலையில் கைக்கு எட்டுகிற மாதிரி தெரியும். கல்யாணமாகி மணலூர்பேட்டையிலிருந்து இங்கே வந்த நாள் முதல் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு தடவைகூட ஏறியதில்லை. இத்தனைக்கும் அவர் வீட்டுக்காரர் வெள்ளிமலை பஸ்ஸின் டிரைவர். ஓய்வு பெறும்வரை பல வருஷம் அந்த ரோட்டில்தான் ஓட்டினார்.

"ஒரு நாள் கூட்டிக்கினு போங்கன்னு கேட்டேம்மா. அங்க இன்னா இருக்குது, மரமும் கல்லும்தான்னாரு."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் போய்ச் சேர்ந்துவிடலாமே, அதற்கு எதற்கு இத்தனை ஆராய்ச்சி என்றேன்.

"பஸ்ல போனா பஸ்லயே திரும்பிடணும். எனக்கு நடக்கணும். ராத்திரி அங்கியே படுக்கணும். காத்தால எழுந்து யாருக்கும் காபி வெக்காம சும்மா குந்தியிருக்கணும்" என்றார். மழையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

கர்ப்பப்பை எடுத்த பிறகு கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். வீட்டில் சொன்னபோது, சரி, தூக்காதே என்றார்களாம். அப்படியானால் யார் தூக்குவது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லையாம்.

சரி என்று மனசு இளகி, சேலத்திலிருந்து மெல்லிய துணியில் ஒரு பை வரவழைத்துக் கொடுத்தேன். சுண்டு விரலில் தூக்கியவர் முகம் முதல் தடவையாக மலர்ந்தது. பிறகு ஒரு வாளி தண்ணீர் கேட்டார். எதற்கென்று கேட்காமல் கொடுத்துவிட்டேன். பையை அப்படியே முக்கி எடுத்து, சொட்டச் சொட்டத் தராசில் மாட்டினார். முள் எங்கோ போய் நின்றது.

"பாத்தியா? நனைஞ்சா இதாம்மா கனம். காஞ்ச கனத்தைப் பாத்து ஏமாறக் கூடாது."

புதுப் பையை நனைத்துவிட்டார்களே என்று என் வீட்டுக்காரர் சத்தம் போட்டார். டீச்சர் முழு விலையையும் கொடுத்து வாங்கி, காய்ந்ததும் பால்வாடி உதவியாளருக்குத் தந்துவிட்டார்.

அதற்குமேல் நானே தைப்பதைத் தவிர வழியில்லை. பஸ் நிலையத்துக்கு எதிரில் குடை ரிப்பேர் செய்கிறவரிடம் கம்பி போன குடைகளை வாங்கித் துணியைக் கழற்றினோம். குடைத்துணி தண்ணீர் குடிக்காது. கறுப்பில் மூன்று குடை, நீலத்தில் ஒன்று. அதனால் பையின் வயிற்றில் ஒரு நீலப் பட்டை வந்தது. ஜிப்புக்குப் பதில் சுருக்குக் கயிறு. வார் மெல்லிசாக வைத்தால் தோளை அறுத்தது. அகலமாக வைத்தால் கனம் ஏறியது. நாடாவுக்குள் மெல்லிய ஸ்பாஞ்சு வைத்தேன். ஸ்பாஞ்சு நனைந்தால் கனக்கும் என்றார். பிரித்தேன். மறுபடி தைத்தேன். ஒரு கட்டத்தில் அவர் தெருவில் வருவதைப் பார்த்தாலே எனக்கு முதுகு வலிக்க ஆரம்பித்தது. பள்ளி திறக்கிற நேரம், ஸ்கூல் பை ரிப்பேர் மலையாகக் குவிந்து கிடக்கும். அவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பிளேடால் பழைய தையலைப் பிரித்துக்கொண்டிருப்பார். என் எரிச்சல் அவருக்குத் தெரியும். தெரிந்தும் எழுந்து போக மாட்டார்.

உள்ளே வைப்பதற்கும் இதே பாடுதான். அம்மா மலைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டு மகன் ஒரு தூங்கும் பை வாங்கி அனுப்பினான். நல்ல விலையுள்ளது, மெத்து மெத்தென்று இருக்கும். டீச்சர் அதற்குள் ஒரு மத்தியானம் படுத்துப் பார்த்துவிட்டு வந்து, பொட்டலம் கட்டிய மாதிரி இருக்கிறது என்றார். அதற்குப் பதில் தன்னுடைய பழைய பாலியஸ்டர் சேலை ஒன்றை எடுத்துக்கொண்டார். விரித்தால் விரிப்பு, மடித்துப் போர்த்தினால் போர்வை, நனைந்தால் உதறிப் போட்டு ஒரு பாட்டம் பேசி முடிப்பதற்குள் காய்ந்துவிடும். மழைக்கு, உரச் சாக்கின் உள்ளே வருகிற பிளாஸ்டிக் உறையை வெட்டிக்கொண்டார். துண்டில் பாதி. சோப்பில் ஒரு சீவல். சாப்பிட அவலும், வேர்க்கடலையும் வெல்லமும் இடித்த உருண்டையும். கான்வாஸ் ஷூவா, பின்வார் வைத்த ரப்பர் செருப்பா என்று ஒரு வாரம் யோசித்துச் செருப்புக்கு வந்தார். டார்ச்சை வைத்தார், எடுத்தார், வைத்தார். நான் சண்டை போட்ட பிறகுதான் அது உள்ளே தங்கியது.

பை முடிந்தது. ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோக மறுத்துவிட்டார்.

"வூட்ல மாட்னா ரொம்பிடும்மா. இங்கியே இருக்கட்டும்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஒரு நாள் எடுத்துப் போய்த்தான் பாருங்களேன் என்று அனுப்பினேன். மறுநாள் அதை அப்படியே கொண்டுவந்து காட்டினார். உள்ளே வீட்டுக்காரரின் ரத்தப் பரிசோதனை ஃபைல், ரேஷன் பை, இஸ்திரிக்குப் போட வேண்டிய இரண்டு பேன்ட், ஒரு கட்டு முருங்கைக்கீரை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆணியில் ஒரு பை காலியாகத் தொங்கியது, போட்டார்கள். அவ்வளவுதான்.

அதனால் எங்கள் கடையில் கடிகாரத்துக்குக் கீழே ஓர் ஆணியில் அந்தப் பை தொங்கியது. சில சாயங்காலங்களில் பால்வாடியைப் பூட்டிவிட்டு வருவார். பையை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் நடப்பார். திரும்பி வந்து ஆணியில் மாட்டிவிட்டு, சோறாக்க நேரமாகிவிட்டது என்று வீட்டுக்குப் போவார்.

போவதாக நாள் குறிப்பதும் தள்ளிப்போவதும் நடந்துகொண்டே இருந்தது. ஒரு தடவை வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. ஒரு தடவை போலியோ சொட்டு மருந்து முகாம். ஒரு தடவை மகன் திடீரென்று வந்துவிட்டான். தள்ளிப்போகும்போதெல்லாம் டீச்சர் வந்து, வண்டு வைத்துவிடும் என்று பையிலிருந்த அவலை எடுத்து எனக்குக் கொடுத்துவிட்டுப் போவார். நாங்கள் அந்த அவலில் பலமுறை உப்புமா தின்றோம். என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தே, "டீச்சர் இந்தத் தடவையும் போவலியா?" என்று கேட்பார்.

கடைசியில் ஒரு பொங்கல் முடிந்த வாரம், நானும் கூட வருகிறேன் என்று சொன்னேன். தனியாக விட்டால் அவர் போகவே மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. எனக்கும் மிஷின் சத்தம் கேட்காமல் ஒரு நாள் இருந்தால் தேவலை என்றிருந்தது. வெள்ளிமலைக்கு அப்பால், ரோடு நின்றுபோகிற இடத்திலிருந்து நடந்து போகிற ஒரு சின்ன ஊர். அங்கே இருக்கும் பால்வாடி டீச்சர் இவருக்குப் பயிற்சி வகுப்பில் பழக்கம். அவர் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு.

காலையில் பஸ் நிலையத்துக்குப் போனால் டீச்சருக்குப் பக்கத்தில் அவர் வீட்டுக்காரர் நிற்கிறார். தலையில் தொப்பி, கழுத்தில் மப்ளர், கையில் மெரூன் நிறத்தில் ஒரு பெரிய ஜிப் பை.

"நானும் வரேன். எனக்குத் தெரியாத மலையா அது?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

டீச்சர் சிரிக்கவில்லை. "உங்க பையை நீங்கதான் தூக்கணும்" என்று மட்டும் சொன்னார். அவர் அதையும் ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

பஸ் டிரைவர் இவருக்குக் கீழே வேலை பழகினவராம். முன் இருக்கையில் உட்காரவைத்தார். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் இவர் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கதை சொன்னார். இங்கேதான் பிரேக் போனது, இங்கேதான் காட்டெருமை குறுக்கே வந்தது, இப்போ பாருங்க இடது பக்கம் பள்ளம் வரும். டீச்சர் ஜன்னலோரம் இருந்தார். ஒன்றை அவர் பார்ப்பதற்கு முன்பே வீட்டுக்காரர் அதைச் சொல்லிவிடுவார். கொஞ்ச தூரம் போனதும் டீச்சர் வெளியே பார்ப்பதை விட்டுவிட்டு மடியில் இருந்த பையின் கயிற்றைச் சுருக்குவதும் தளர்த்துவதுமாக இருந்தார்.

பஸ்ஸை விட்டு இறங்கி டீ குடித்துவிட்டு நடந்தோம். அறுவடை முடிந்த சாமைக் காடு, அப்புறம் மரவள்ளி, அப்புறம் மேடு. டீச்சர் முன்னால் போனார். அவர் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருந்தன. எனக்கே அவரைப் பிடிக்க மூச்சு வாங்கியது.

வீட்டுக்காரருக்கு ரோடுதான் தெரியும். இது ஒற்றையடிப் பாதை. ஜிப் பையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார். தோளில் போட்டார். மார்போடு அணைத்துக்கொண்டார். பிறகு கூப்பிட்டார்.

"இந்தா, இதைக் கொஞ்சம் புடி."

டீச்சர் திரும்பவில்லை. காதில் விழவில்லையோ என்று நினைத்து நான் கையை நீட்டினேன்.

"வுடும்மா. அது அவருது" என்றார், திரும்பாமலே. குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

இன்னும் கொஞ்ச தூரம் ஏறினோம். பின்னால் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் அவர் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்து, சட்டை முழுக்க வியர்வை. கை நடுங்கியது. என்ன அண்ணே என்று கேட்டதற்கு, அடுத்த டிரிப் எத்தனை மணிக்கு என்று என்னைத் திருப்பிக் கேட்டார். நான் டீச்சரைக் கூப்பிட்டேன். கூப்பிட்ட குரலிலேயே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும், செருப்பு வழுக்க வழுக்க இறங்கி வந்தார். நெற்றியில் கை வைத்தார். காலையில் மாத்திரை போட்டுவிட்டு வெறும் டீயோடு நடந்ததில் சர்க்கரை இறங்கிவிட்டது என்றார்.

ஜிப் பையைத் திறந்து கொட்டினார். நான்கு வேட்டி. கம்பளிப் போர்வை. ஷேவிங் செட். பெரிய டார்ச். குடை. பித்தளைச் சொம்பு. பிஸ்கட் இல்லை. சர்க்கரை பார்க்கிற மிஷின் இல்லை. ராத்திரிக்கு வேண்டிய மாத்திரையும் இல்லை.

"மாத்திரை எங்க வெச்சீங்க?"

அவர் டீச்சரின் முகத்தைப் பார்த்தார். ஒரு குழந்தை பார்க்கிற மாதிரி இருந்தது.

"நீ எடுத்து வெக்கலியா?" என்றார்.

 டீச்சர் தன் பையை அவிழ்த்து வெல்ல உருண்டைகளை எடுத்தார். ஒவ்வொன்றாக உடைத்து, பொடிப்பொடியாக அவர் வாயில் வைத்தார். மெல்லுங்க, முழுங்குங்க என்று பால்வாடிப் பிள்ளைகளிடம் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு நாளைக்கென்று வைத்திருந்த உருண்டை எல்லாம் தீர்ந்தபோது அவர் கண்ணில் தெளிவு வந்தது. எங்கே இருக்கிறோம் என்று அவருக்கே தெரிந்தது. தெரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

திரும்பிப் போவதைவிட ஊர்தான் பக்கம். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். டீச்சர் கொட்டியதையெல்லாம் மடித்து ஜிப் பையில் வைத்து, அதை முன்பக்கம் மாட்டிக்கொண்டார். பின்னால் குடைத்துணிப் பை, முன்னால் மெரூன் பை. நான் கேட்டேன், கொடுக்கவில்லை. 

அந்த ஊர் டீச்சர் கஞ்சி கொடுத்தார், பாய் கொடுத்தார். நல்ல மனுஷி. மறுநாள் முற்பகலில் மரவள்ளிக் கிழங்கு ஏற்ற, மலைக்கு அந்தப் பக்கத்து மண்பாதை வழியாக ஒரு ஜீப் வரும், அதிலேயே கீழே போய்விடலாம் என்று முடிவானது. மாத்திரை இல்லாமல் அவரை வைத்திருக்க முடியாது.

காலையில் நான் எழுந்து வந்தபோது டீச்சர் வாசலில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். காபி எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, எதிரில் தெரிந்த மேட்டைக் காட்டி, அதுவரைக்கும் போய்விட்டு வருகிறேன் என்றார்.

"பையை எடுத்துக்க" என்றார் வீட்டுக்காரர்.

"வேணாம்" என்றார்.

தண்ணீர்கூட எடுக்கவில்லை. கையை வீசிக்கொண்டு போனார். மரங்களுக்குள் போய் மறையும்வரை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெயில் ஏறியது. அவர் வரவில்லை. வீட்டுக்காரர் ஜிப் பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டின காலத்தில் ஒரு நாள் அவளைக் கூட்டி வந்திருக்கலாம் என்றார். ஏன் கூட்டி வரவில்லை என்று நான் கேட்டேன்.  டிரைவர் பெண்டாட்டி பஸ்ஸில் சும்மா சுற்றுகிறாள் என்று பேசுவார்களோ என்று நினைத்ததாகச் சொன்னார். பிறகு அதுவும் இல்லை என்றார். கேட்டாள், காதில் விழுந்தது, அவ்வளவுதான் என்றார்.

ஜீப் வந்தது. கிழங்கு மூட்டை ஏற்றி முடித்து ஹாரன் அடித்தார்கள். மேட்டில் யாரும் தெரியவில்லை.

"ஏம்மா, வந்துடுவாளா?" என்று கேட்டார். சாதாரணமாகக் கேட்பது போலத்தான் கேட்டார்.

வருவாங்க என்றேன். சொன்னேனே தவிர எனக்கும் அது உறுதியாகத் தெரியவில்லை.

ஜீப்காரர் மறுபடி ஹாரன் அடித்தார். வீட்டுக்காரர் மெதுவாக எழுந்து போய் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, நீ கிளம்புப்பா, எங்க ஆளு ஒண்ணு வரணும் என்று சொல்லிவிட்டு வந்தார். நான் மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். "ஒரு நாள்ல ஒண்ணும் ஆவாது" என்று மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

டீச்சர் வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. முகம் கறுத்திருந்தது. சேலை ஓரம் முழுக்க ஒட்டுப்புல். ஜீப் எங்கே என்றார். அனுப்பிட்டேன் என்றார் அவர். நீயாவது சொல்லக் கூடாதா என்று என்னைக் கடிந்துகொண்டு, உட்கார்ந்து ஒட்டுப்புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார்.

"இன்னா டீச்சர் இருந்துச்சு அங்க?" என்று கேட்டேன்.

"மரமும் கல்லும்தாம்மா" என்றார். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு இருந்தது. வீட்டுக்காரர் குனிந்து, அவர் எடுக்க முடியாத பின்பக்க ஓரத்திலிருந்து ஒரு புல்லைப் பிடுங்கிப் போட்டார். மெல்ல நடந்து இறங்கி, சாயங்கால பஸ்ஸைப் பிடித்து ஊர் வந்து சேர்ந்தோம்.

அதன் பிறகு டீச்சர் வீட்டுக்காரர் கடைக்கு வந்து மாத்திரை வைக்க ஒரு சின்னப் பை தைத்துத் தரச் சொன்னார். இடுப்பில் கட்டிக்கொண்டு நடப்பதைக் கொஞ்ச நாள் பார்த்தேன். டீச்சரும் அடுத்த குளிருக்கு மறுபடி போகலாம் என்றார். அதற்குள் வீட்டுக்காரருக்குக் காலில் ஒரு புண் வந்தது. விரலை எடுத்தார்கள். பிறகு பாதத்தை எடுத்தார்கள். டீச்சர் பால்வாடியிலிருந்து ஓய்வு பெற்றது அந்த நாட்களில்தான். பிரிவுபசாரச் சால்வையை ஆஸ்பத்திரிக் கட்டிலில் விரித்திருந்ததைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைகிற வழியில் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்காருவார். முன்பு மாதிரி பேச்சு இல்லை. சில நாள் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். மிஷினை நிறுத்தினால் விழித்துக்கொள்வார் என்று நான் தைத்துக்கொண்டே இருப்பேன். ஒருநாள் தூங்கி எழுந்து, எங்கே இருக்கிறோம் என்று பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஆளு பாதியாப் போய்ட்டாரும்மா. எடை கொறையுது. கட்டில்லருந்து தூக்கும்போது கனம் மட்டும் கொறையல."

இடது தோள் பழையபடி இறங்கியிருந்தது. நான் வந்து ஒரு கை பிடிக்கிறேன் என்று எத்தனையோ தடவை சொன்னேன். சில நாள் போகவும் செய்தேன். எனக்கும் கடை, வீடு, மாமியார் என்று இருந்தது. போகாத நாட்களே ஜாஸ்தி.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. ஒரு ஆடி மாதத்தில் டீச்சர் வீட்டுக்காரர் போய்விட்டார். காரியம் முடிந்ததும், அம்மாவைத் தனியாக விட மாட்டேன் என்று மகன் ஓசூருக்குக் கூட்டிப்போக வந்தான். டீச்சர் கடைக்குச் சொல்லிக்கொள்ள வந்தார். நான் ஆணியிலிருந்து பையை எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன்.

"நீயே வெச்சிக்கோம்மா. எப்பனா போனா எடுத்துக்கினு போ."

"நீங்க போவலியா டீச்சர்? இப்பத்தான்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டேன். இப்போதுதான் தடுக்க யாருமில்லையே என்று சொல்ல வந்தேன். அவருக்கும் அது புரிந்தது.

"கால் வரலம்மா. மனசும் வரல. கொஞ்ச நாள் ஆவட்டும்" என்றார்.

வழியனுப்ப நானும் பஸ் நிலையத்துக்குப் போனேன். நல்ல பையன். இரண்டு பெட்டி, ஒரு சாக்கு மூட்டை, தோளில் ஒரு பை, கையில் தண்ணீர் பாட்டில் என்று எல்லாவற்றையும் அவனே தூக்கிக்கொண்டான். அம்மா நீ ஒண்ணும் தூக்காத, டாக்டர் அன்னிக்கே சொன்னாரு இல்ல, என்றான். டீச்சர் அவனுக்குப் பின்னால் வெறும் கையோடு நடந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஒரு கையால் மறு கையைப் பிடித்தார். விட்டார். முந்தானை நுனியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். கூட்டத்தில் யாரோ இடித்துப் போனபோது லேசாகத் தடுமாறினார்.

பஸ் படியில் மகன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். டீச்சர் கீழேயே நின்றார். ஏறும்மா என்றான்.

"எதனா ஒண்ணு எங்கிட்ட குடுடா" என்றார்.

அவன் யோசித்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தான். அதை இரண்டு கையாலும் வாங்கி மார்போடு வைத்துக்கொண்டு படி ஏறினார். எனக்குக் கையாட்டக்கூட அவருக்குக் கை இல்லை. ஜன்னல் வழியாகத் தலையை மட்டும் ஆட்டினார். பஸ் போன பிறகு நான் கடைக்கு வந்து மிஷினில் உட்கார்ந்தேன்.